கீழிருந்து மூன்றாவது ஆள்

வில்லாபுரத்தில் நோயாளிகளுக்குப் பஞ்சமே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் சர்க்கரைக்காரர் ஒருவர் மேல் பட்டு, அங்கிருந்து தெறித்து பிரஷர்காரர் ஒருவர் மேல் விழும். சுபலட்சுமிக்கு வேண்டியிருந்ததோ நோயே இல்லாத ஆட்கள். அதுவும் நூற்றிருபது பேர். அறுபது ஆண், அறுபது பெண். ஐந்து மாதம் அலைந்து தொண்ணூற்றாறு பேரைப் பிடித்திருந்தாள். மிச்சம் இருபத்துநான்கு பேருக்கு அவளிடம் நான்கு நாள்தான் இருந்தது. சனிக்கிழமை காலையில், கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் இம்மானுவேல் விமானம் ஏறிவிடுவார்.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் சீனியர் டெக்னீஷியன். லேபுக்குப் புது மெஷின் வந்ததிலிருந்துதான் இந்தத் தலைவலி. ஒரு சொட்டு ரத்தத்தை உறிஞ்சி, ஒரு நிமிடத்தில் பிளேட்லெட் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு பருமன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடும். சொல்வதோடு வாயை மூடிக்கொண்டால் பரவாயில்லை. கூடவே வந்த புத்தகத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை நார்மல் என்று இருந்ததால், ஒன்றரை லட்சத்துக்கு ஆயிரம் குறைந்தாலும் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு அச்சடித்துக் கொடுத்தது.

அந்த நட்சத்திரம் சுபலட்சுமியின் உயிரை வாங்கியது. டெங்கு வந்துபோன ஊரில் பிளேட்லெட் குறைவு என்றால் எமன் எருமையைக் கட்டவிழ்த்துவிட்டான் என்று அர்த்தம். ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் வைத்திருந்த பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் நட்சத்திரத்தைப் பார்த்ததும் லேப் நாற்காலியிலேயே உட்கார்ந்து உயில் எழுதினார். சாட்சிக் கையெழுத்துக்கு சுபலட்சுமியைக் கூப்பிட்டார். இன்னொருவருக்காக உசிலம்பட்டியிலிருந்து பதினோரு பேர் வேன் பிடித்து அழுதுகொண்டு வந்து இறங்கினார்கள். வந்தவர்களுக்கு டீ வாங்க நோயாளிதான் போயிருந்தார். நட்சத்திரம் வாங்கிய எல்லாருமே கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். நாளைக்குப் பதினான்கு போன். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் அவள் ஸ்லைடு போட்டு, மைக்ராஸ்கோப்பில் குனிந்து கையால் எண்ண வேண்டும். கழுத்து அப்படியே நின்றுவிட்டதால், சாப்பிடும்போதும் இலையில் பருக்கையை எண்ணுவது போலவே சாப்பிட்டாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் டாக்டர் அறைக்குள் போய்விட்டாள்.

"சார், இந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கிற அளவு யாரோட ரத்தம்?"

டாக்டர் இம்மானுவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாருக்குத் தெரியும்? பனி பெய்யுற ஊரா இருக்கும்."

"அவங்களை வச்சு நம்ம ஆளுகளுக்கு எதுக்கு சார் நட்சத்திரம்?"

"வேண்டாம்தான். நம்ம ஊர்ல நோயில்லாத நூத்திருபது பேரைக் கொண்டா. குறைஞ்ச எண்ல இருந்து கூடுன எண் வரைக்கும் வரிசையா நிப்பாட்டுவோம். ஓரத்துல ரெண்டு ரெண்டு பேரை ஒதுக்கிட்டா, கீழ இருந்து மூணாவது ஆள் ஒரு எல்லைக்கல். மேல இருந்து மூணாவது ஆள் இன்னொரு எல்லைக்கல். நடுவுல பூராம் நார்மல். நான் கையெழுத்துப் போட்டா மெஷின்ல மாத்திக்கலாம். ஆனா ஒருத்தர் குறைஞ்சாலும் போடமாட்டேன்."

சொன்னது ஐந்து மாதத்துக்கு முன்னால். இப்போது அவர் கனடாவிலிருக்கும் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் போகிறார். கையெழுத்து விழாவிட்டால் இன்னும் ஆறு மாதம் நட்சத்திரம், இன்னும் ஆறு மாதம் பதினான்கு போன்.

நோயில்லாத ஆளைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது தேடியவர்களுக்குத்தான் தெரியும். சீமைக்காரர்கள் தயாரித்த படிவத்தில் முதல் கேள்வியே 'நீங்கள் நலமாக இருக்கிறீர்களா' என்பதுதான். இந்தப் பக்கத்தில் நலமாக இருப்பவன் அதை வாய்விட்டுச் சொல்வானா? கண்ணுபட்டு அன்றைக்கே படுத்துவிட மாட்டானா? ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் அழகுபாண்டி என்ற கண்டக்டரை அவள் மடக்கியபோது நடந்தது இது.

"அண்ணே, உடம்பு நல்லா இருக்கா?"

"ஏதோ இருக்கேன்மா."

"நோய் ஏதும் உண்டா?"

"காலங்காத்தால ஏன்மா வாயைக் கிளறுற? நல்லா இருக்கேன்னு சொன்ன மறுநாளே எங்க சித்தப்பா விழுந்துட்டாரு."

"எங்க விழுந்தாரு?"

"தென்னைமரத்துல இருந்து."

இப்படியே கண்டக்டர், டிரைவர், லாட்ஜ் மேனேஜர் என்று அறுபது ஆண்கள் தேறிவிட்டார்கள். பெண்கள்தான் முப்பத்தாறில் நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை சர்க்கரை பார்க்க வந்தார் நல்லகாமன். கீழக்குயில்குடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கீழவாகைப்பட்டியின் முன்னாள் தலைவர். பதவி போய் எட்டு வருடமாகியும் துண்டு தோளை விட்டு இறங்கவில்லை. சுபலட்சுமியின் கதையைக் கேட்டுவிட்டு, "இருபத்துநாலு பொம்பளைதான? எங்க ஊருக்கு வாங்க. வியாழக்கிழமை முப்பது பேரை நிப்பாட்டுறேன்" என்றார்.

அவளுக்கு அவர் காலில் விழலாமா என்றிருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள்.

"ரொம்ப நன்றிண்ணே. பக்கத்துல மேலவாகைப்பட்டியிலயும் இப்படித்தான் ஒத்துழைச்சாங்க. இருபது பேருகிட்ட எடுத்தோம்."

நல்லகாமனின் முகம் மாறியது. "மேலவாகைப்பட்டியிலயா? அவங்களுக்கு எம்புட்டு இருந்துச்சு?"

"சராசரி ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம்ணே."

"ஓஹோ" என்றார் அவர். எழுந்து போய்விட்டார். சர்க்கரை ரிசல்ட்டைக்கூட வாங்கவில்லை.

இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு கண்மாய்தான். ஆனால் எதிலும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காது. மேலவாகைப்பட்டியில் ஒரு பசு இரட்டைக் கன்று போட்ட வருடம், கீழவாகைப்பட்டிக்காரர்கள் வேறு மாடு அகப்படாமல் ஒரு காளைமாட்டை மூன்று மாதம் சினையென்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பார்க்க வந்த கால்நடை டாக்டரை ஊர் எல்லையிலேயே இளநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். இந்த விவரமெல்லாம் வில்லாபுரத்துப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

வியாழக்கிழமை காலை சுபலட்சுமியும், ரத்தம் எடுக்கும் கனகாவும் ஊதா மூடிக் குழாய்கள் முப்பதோடு போய் இறங்கினால், சமுதாயக் கூடத்தில் மைக்செட் பாடிக்கொண்டிருந்தது. முப்பது பெண்கள் பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஊருக்குள் தேர்ந்தெடுத்த ஆட்கள்; பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கியவரின் பெண்சாதி, கபடியில் மூன்று பேர் பல்லைப் பேர்த்தவரின் தங்கச்சி, இப்படி. முதல் ஆளாக நல்லகாமனின் மனைவி அன்னக்கொடி கையை நீட்டினார்.

"மருந்து மாத்திரை ஏதும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள் சுபலட்சுமி.

"ஒண்ணும் இல்லம்மா."

எல்லாரும் அதையே சொன்னார்கள், ஒரே குரலில், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி. பத்தொன்பது பேர் முடிந்திருக்கும். கனகா மெதுவாகக் காதோரம் வந்தாள்.

"அக்கா, எல்லாரும் ஏன் மூஞ்சியச் சுளிக்கிறாங்க?"

"ஊசின்னா பயம் இருக்காதா?"

"ஊசிய எடுக்கிறதுக்கு முந்தியே சுளிக்கிறாங்கக்கா. ஏப்பம் வேற விடுறாங்க."

சுபலட்சுமி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். கூடத்துக்குப் பின்னால் ஏழெட்டுப் பப்பாளி மரங்கள் நின்றன. ஒன்றிலும் ஓர் இலை கிடையாது. தலை முழுக்க மொட்டையடிக்கப்பட்டு, காய்கள் மட்டும் கூச்சத்தோடு தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த தோட்டத்திலும் அப்படித்தான். அவள் திரும்பிய நேரத்தில் நல்லகாமன் ஒரு பெரிய எவர்சில்வர் தம்ளரோடு வந்து நின்றார். உள்ளே கரும்பச்சையாக, கொழகொழவென்று ஒரு சமாச்சாரம்.

"நீங்களும் ஒரு தம்ளர் குடிங்கம்மா, களைச்சிருப்பீக."

"என்னண்ணே இது?"

"பப்பாளி எலைச் சாறு. புதன்கிழமை விடியக்காலத்துல இருந்து மூணு வேளையும் அடிச்சு ஊத்துறோம்ல. மேலவாகைப்பட்டிக்காரன் ரெண்டு நாப்பதா? இன்னைக்கு எங்க பொம்பளைக அஞ்சு லட்சத்தைத் தாண்டுவாக பாருங்க."

அந்தச் சாற்றின் வீரியத்தைப் பற்றி ஊருக்குள் இன்றைக்கும் பேச்சு உண்டு. அன்னக்கொடியைக் கடித்த கொசு ஒன்று வாய் கசந்துபோய் மூன்று நாள் யாரையும் கடிக்காமல் பட்டினி கிடந்ததாம். பார்த்தவர் பொய் சொல்கிற ஆளில்லை. சொன்னாலும் இதுவரை பிடிபட்டதில்லை.

சுபலட்சுமி கையிலிருந்த படிவங்களை மேஜையில் ஓங்கி வைத்தாள். மைக்செட் தானாக நின்றது.

"மருந்து சாப்பிட்டீங்களான்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டேனா இல்லையா?"

"அது மருந்தாம்மா?" என்றார் அன்னக்கொடி வருத்தத்தோடு. "எலைதான?"

"எதுக்குக் குடிச்சீங்களோ அதுக்குப் பேருதான் மருந்து! இதுல பிளேட்லெட் ஏறுமோ ஏறாதோ எனக்குத் தெரியாது. ஏத்தணும்னு நெனச்சு ஒண்ணைக் குடிச்ச ரத்தம் கணக்குல வராது. இது என்ன ஜல்லிக்கட்டா? யாருக்குக் கூடன்னு பரிசு குடுக்கவா வந்தேன்? சும்மா இருக்கிற ஆளுக்கு எம்புட்டு இருக்குன்னு பாக்க வந்தேண்ணே, சும்மா இருக்கிற ஆளுக்கு!"

"எங்க ஊர்ல யாரும் சும்மா இருக்கிறதில்லம்மா" என்றார் நல்லகாமன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பத்தொன்பது குழாய். அத்தனையும் வீண். நாளை ஒருநாள்தான் மிச்சம். அழுகை வந்தது, ஆனால் அழுவதற்குக்கூட எரிச்சல் இடம் கொடுக்கவில்லை.

"இந்த ஊர்ல இதைக் குடிக்காத பொம்பளை ஒருத்தர்கூடவா இல்லை?"

நல்லகாமன் தாடையைச் சொறிந்தார். "குடிக்காததுன்னா... கிழக்குத் தெருக்காரகதான். நூறுநாள் வேலைக்குக் கண்மாய்க்குப் போயிருக்காக. அவுகளுக்கு நாங்க சொல்லி விடல."

"ஏன் சொல்லல?"

"அவுக சாதாரண ஆளுகம்மா. ஊர்ப்பேரைக் காப்பாத்தணும்ல?"

கனகா ஊசிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.  தேவைக்கு மேல் சத்தத்தோடு டப்பாவை மூடினாள்.

"எனக்குச் சாதாரண ஆளுகதாண்ணே வேணும்!" என்று சுபலட்சுமி போட்ட சத்தத்தில் மொட்டைப் பப்பாளி ஒன்றிலிருந்து இரண்டு காய் விழுந்தது. "அஞ்சு மாசமா அவங்களைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்!"

கையில் பதினோரு குழாய்தான் மிச்சம் இருந்தது. அதுவுமில்லாமல் வெயிலில் மண் சுமந்துகொண்டிருக்கும்போது எடுக்கிற ரத்தத்தில் எண் ஏறித் தெரியும். வேலை தொடங்குவதற்கு முன்பு, உட்காரவைத்து எடுக்க வேண்டும். ஆகவே திரும்பிப் போய், வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மறுபடியும் வந்தார்கள். இந்த முறை ஊருக்குள் நுழையாமல் நேரே கண்மாய்க்கரைக்கு.

வருகைப்பதிவுக்காகப் பெண்கள் வேலமர நிழலில் கூடியிருந்தார்கள். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முன்னால் நின்றவர் ஒச்சம்மாள். நாற்பத்திரண்டு வயது. பேச்சைத் தொடங்கியதே அவர்தான்.

"நேத்து ஊருக்குள்ள எங்களை விட்டுட்டு எல்லாருக்கும் ஊசி போட்டீகளாம்ல?"

"ஊசி போடலக்கா. ரத்தம் எடுத்தோம்."

"போடுறதுக்கும் கூப்பிடல, எடுக்கிறதுக்கும் கூப்பிடல."

"இப்பக் கூப்பிடுறேன்க்கா."

"மிஞ்சுன குழாய்க்கா?"

"இல்லக்கா. நேத்து எடுத்த பத்தொம்பதும் கொட்டியாச்சு. உங்க ரத்தம்தான் கணக்குல ஏறப்போகுது. இனி எங்க லேப்ல வர்ற ஆளுகளுக்குக் கூடவா குறைவான்னு உங்களை வச்சுத்தான் பார்ப்போம்."

ஒச்சம்மாள் கனகாவைப் பார்த்தார். கனகா, "நெசந்தான்க்கா" என்றாள். ஒச்சம்மாள் மண்வெட்டியை மரத்தில் சாய்த்து வைத்தார். பிறகு திரும்பி, "ஏ, வாங்கடி எல்லாரும்! நம்மளை வச்சுத்தான் மத்தவுகளை அளக்கப்போறாகளாம்" என்று கூப்பிட்டார்.

இருபத்தேழு பேர் வந்தார்கள். ஒருத்தி மாசமாக இருந்தாள், ஒருத்தி சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாள், இன்னொருத்திக்குப் போன வாரம் காய்ச்சல். மூவரையும் கழித்தால் சரியாக இருபத்துநான்கு. சுபலட்சுமி இரண்டு தடவை எண்ணினாள். தன் அதிர்ஷ்டத்தின் மேல் அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

"உடம்பு நல்லா இருக்காக்கா?"

"என்னத்த நல்லா இருக்கேன். ஏதோ இருக்கேன்" என்றார் ஒச்சம்மாள். சுபலட்சுமி 'நலம்' என்று எழுதிக்கொண்டாள்.

"அடிபட்டா ரத்தம் நிக்காம வருமா?"

"போன மாசம் மம்பட்டி காலைக் கொத்திருச்சு. ஒரு அமுக்கு அமுக்குனேன், நின்னுருச்சு. சாயங்காலம் வரைக்கும் வேலை பார்த்துட்டுத்தான் போனேன்."

"பப்பாளி இலைச் சாறு?"

"எங்களுக்கு எங்க விட்டுவச்சாக? ஊர் மரத்தைப் பூராம் மொட்டையடிச்சுட்டாகளே. நேத்து எங்க ஆடு போய்ப் பார்த்துட்டு வெறும் வாயோட திரும்பி வந்துச்சு."

குழாய்க்குள் அதிக நேரம் கிடந்தால் பிளேட்லெட் ஊறிப் பெருத்துவிடும். அப்புறம் பருமனை நம்ப முடியாது. இரண்டு மணி நேரத்துக்குள் மெஷினுக்குப் போக வேண்டும். திருப்பரங்குன்றம் சாலையில் கல்யாண ஊர்வலம் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு ஆடியது. கனகா ஆட்டோவிலிருந்து இறங்கி மாப்பிள்ளையிடம் போய், "தம்பி, உள்ள இருபத்துநாலு பேர் ரத்தம் இருக்கு" என்றாள். என்ன நினைத்தானோ, மாப்பிள்ளை குதிரையோடு ஓரமாக ஒதுங்கிவிட்டான். ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் லேப்.

பிற்பகல் மூன்று மணிக்கு நூற்றிருபது எண்களும் வரிசையாக டாக்டர் மேஜையில் இருந்தன. பக்கத்தில் அவருடைய பெட்டி பூட்டி நின்றது. அவர் விரல் கீழிருந்து எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று. அங்கே நின்றுவிட்டது.

"ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். யாரு இது?"

"ஒச்சம்மாள் சார். கீழவாகைப்பட்டி."

"இவங்கதான் எல்லைக்கல். இவங்க நோயாளியா இருந்தா எல்லையே கோணலாப் போயிரும், தெரியுமா? குழாய்க்குள்ள பிளேட்லெட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டாலும் மெஷின் குறைச்சுத்தான் சொல்லும். அப்படின்னா இவங்களை எடுத்துறணும். எடுத்தா நூத்திப்பத்தொம்பது."

நூற்றுப்பத்தொன்பது என்றால் கையெழுத்து இல்லை. சுபலட்சுமி அவசரமாகக் குறுக்கிட்டாள். "கீழ உள்ள மூணு பேருக்கும் ஸ்லைடு போட்டு வச்சிருக்கேன் சார்."

டாக்டர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். அவர் பார்த்து முடிப்பதற்குள் இரண்டு தடவை கரண்ட் போய் வந்தது. வாசலில் ஒரு சர்க்கரைக்காரர் மறுபடி பசித்து வீட்டுக்குப் போய்விட்டார். கடைசியில் தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"ஒட்டல. அழகா உதிரி உதிரியா இருக்கு. ஆள் எப்படி?"

"சார், ரத்தம் எடுத்து முடிச்சதும் அந்தக்கா மண்கூடையைத் தலையில வச்சுக்கிட்டு, ஊருக்குள்ள ஏன் கூப்பிடலன்னு மறுபடி என்கூட இருபது நிமிஷம் சண்டை போட்டுச்சு. கூடையை இறக்கவே இல்லை. சண்டை முடிஞ்சு அந்தக்கா இறக்கி வச்சப்புறம் நான் அந்தக் கூடையைத் தூக்கிப் பார்த்தேன். தரையை விட்டு எழும்பல."

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார். தேதி போட மறந்ததை அவள் பிடித்துக்கொண்டு, தேதியும் போடவைத்த பிறகுதான் காகிதத்தை எடுத்தாள்.

அன்றைக்கே மெஷினில் மாற்றினாள். ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் முதல் நான்கு லட்சத்து இரண்டாயிரம் வரை.

திங்கட்கிழமை முதல் ஆளாக வந்த இட்லிக்கடை தங்கப்பொண்ணுக்கு ஒரு லட்சத்து நாற்பத்துமூன்றாயிரம் வந்தது. நட்சத்திரம் இல்லை. அந்தம்மாள் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மாவாட்டப் போய்விட்டார். உயிலும் இல்லை, வேனும் இல்லை. பிற்பகல்வரை போன் ஒருதடவைகூட அடிக்கவில்லை. லைன் செத்துவிட்டதோ என்று சுபலட்சுமிக்குச் சந்தேகம் வந்து, கனகாவை மொபைலிலிருந்து அடித்துப் பார்க்கச் சொன்னாள். அடித்தது. நல்லபடியாகத்தான் இருந்தது.

நான்கு மணிக்கு அதுவே அடித்தது. நல்லகாமன்.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்? யாருக்குக் கூட? நாங்களா, மேலவாகைப்பட்டியா?"

"அண்ணே, எத்தனை தடவை சொல்றது? கூடக் குறைய எல்லாம் இல்லை. வரிசையில எல்லைக்கல்லுதான் முக்கியம். கீழ் எல்லைக்கு உங்க ஊர் ஆளுதான் நிக்கிறாங்க. ஒச்சம்மாள்."

"எந்த ஒச்சம்மா? கிழக்குத் தெருவா?" கொஞ்சம் யோசிக்கிற சத்தம் கேட்டது. "அப்ப மேலவாகைப்பட்டிக்காரன் வந்து டெஸ்ட் எடுத்தாலும் எங்க ஊர் ஒச்சம்மாளை வச்சுத்தான் அவனை அளப்பீகளா?"

"ஆமாண்ணே."

"அடி சக்கை! கண்மாய்க்கரையில பத்துக்கு எட்டுல ஒரு ஃபிளக்ஸ் வைக்கிறேன். அந்தப் பிள்ளை படத்தைப் பெருசாப் போட்டு, ஓரத்துல நான் கும்பிடுற மாதிரி. போட்டோவோட வரச்சொல்லி ஆள் விடுறேன்."

"ஆள் விடாதீங்கண்ணே. கூப்பிட்டும் விடாதீங்க. நீங்களே கிழக்குத் தெருவுக்கு நடந்து போய், அவங்க வீட்டு வாசல்ல நின்னு கேளுங்க. குடுத்தா வாங்கிட்டு வாங்க."

"நானா? கிழக்குத் தெருவுக்கா?"

"நீங்கதாண்ணே."

அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. லைன் செத்துவிட்டதோ என்று சுபலட்சுமிக்கு மறுபடியும் சந்தேகம் வந்தது.